சுருளிராஜன் எடுக்காத கத்தி

கூடலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்த பேனரை ஏற்றிக் கட்டிய நேரத்தில், சுருளிராஜன் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் பள்ளிக்கூட வேனுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தான். ஏணியில் நின்று கயிற்றை முடிச்சுப் போட்ட ஆள் பேனரை ஒரு தடவை பார்த்தார், கீழே நின்ற சுருளிராஜனை ஒரு தடவை பார்த்தார். பிறகு இறங்கி, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த முனையைக் கட்டாமலே வேகமாக நடந்துவிட்டார்.

சுருளிராஜன் அண்ணாந்து பார்த்தான். வேன் அகலத்துக்கு அவனுடைய முகம். பக்கத்தில் சிவப்பு எழுத்தில், ‘அன்று கத்தி எடுத்தான்! இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறான்!’ அதற்குக் கீழே, ‘பள்ளத்தாக்கு இளைஞர் கைகாட்டி அறக்கட்டளை. வெள்ளிவிழாவும் வரலாற்று நூல் வெளியீடும். இடம்: உத்தமபாளையம்.’ சுற்றிலும் வட்ட வட்டமாகப் பெரிய மனிதர்கள், அவன் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

சுருளிராஜன் தன் வாழ்நாளில் எடுத்த கத்தி வெங்காயம் நறுக்கிய கத்திதான். அதுவும் மனைவி பாண்டீஸ்வரி காய்ச்சலில் படுத்திருந்த வாரம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுருளிராஜனுக்கு நாற்பத்திரண்டு வயது, மீசையில் நரை. முறைப்படி பார்த்தால் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அறக்கட்டளையின் விதிப்படி அவன் இளைஞன். வழியைக் கண்டுவிட்டான் என்று பொதுக்குழு தீர்மானம் போடும்வரை எவரும் இளைஞரே என்று விதி சொல்கிறது. இத்தனை வருடத்தில் பொதுக்குழு அப்படி ஒரு தீர்மானம் போட்டதில்லை. பெரியவர்களே ‘அவன்’ என்கிறபோது நாம் மட்டும் மரியாதை கொடுத்துக் குழப்பம் உண்டாக்க வேண்டாம்.

அறக்கட்டளையைத் தொடங்கியவர் ஏலக்காய் வியாபாரி ஞானதுரை. நாலு காசு சேர்ந்து, பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று அவர் தேடியபோது, பள்ளத்தாக்கில் எல்லாப் பதவியிலும் ஆள் உட்கார்ந்திருந்தது. கோயில் கமிட்டி, கண்மாய்ச் சங்கம், வர்த்தகர் சங்கம் எதிலும் இடமில்லை. இளைஞர்கள் மட்டும்தான் எந்தத் தலைவரும் இல்லாமல் சும்மா திரிந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டுவது என்று ஞானதுரை அன்றே முடிவு செய்தார். கூட வந்த வியாபாரிகளும் வக்கீல்களும் ஆளுக்கொரு சந்தா கட்டி ‘கைகாட்டி’ என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள்.

தொடக்க விழா மலையடிவாரத்து ஊரான லோயர் கேம்ப்பில். மேடை வந்தது, மைக் வந்தது, மாலை வந்தது, கம்பத்திலிருந்து போட்டோக்காரர் வந்தார். இளைஞன் ஒருவனைக் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. திராட்சை அறுப்பு நேரம், ஊரில் இருந்த பையன்கள் எல்லாரும் தோட்டத்தில் இருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் மட்டும் நின்றான். குமுளியில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு முருங்கைக்காய்க் கட்டோடு போய்க்கொண்டிருந்த சுருளிராஜன்தான் அது.

“தம்பி, ஒரு நிமிசம் வந்து நில்லு. ஒரு போட்டோ எடுத்துட்டு விட்டுர்றோம்” என்றார் ஞானதுரை.

அவன் போய் நின்றான். கழுத்தில் மாலை விழுந்தபோது குமுளி பஸ் அவனைத் தாண்டிப் போனது. சுருளிராஜன் தன் இளவயதில் தவறவிட்ட ஒரே வழி அதுதான். அதற்குக் காரணம் வழிகாட்டிகள்.

அதற்குப் பிறகு வருடா வருடம் கார் வரும். பெரிய மனிதர்கள் கூப்பிட்டால் போகாமலிருப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவன் அவன், ஏறிப் போவான். கட்டம் போட்ட சட்டை மாட்டி, நரை வந்த பிறகு தலைக்கு மையும் பூசி மேடையில் நிறுத்துவார்கள். சிறப்பு விருந்தினர் அவன் கையில் ஒரு டார்ச் லைட்டைக் கொடுப்பார். இருளில் தடுமாறும் இளைஞனுக்கு ஒளி. பேட்டரி இருக்காது. பேட்டரியை இளைஞன் தன் சொந்த முயற்சியால் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அறக்கட்டளையின் கொள்கை.

முதல் வருட விழா மலரில் ‘திசை தெரியாமல் நின்ற இளைஞன்’ என்று போட்டார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி அப்படி எழுதியதில் பெரிய பிழை இல்லை. சிறப்பு விருந்தினர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் அவனுடைய பழைய வாழ்க்கை கெட்டுப்போக ஆரம்பித்தது. வனத்துறை அதிகாரி வந்த வருடம் சுருளிராஜன் சந்தன மரம் வெட்டியவன் ஆனான். நூலகத்துறைக்காரர் வந்தபோது, புத்தகத்தைக் கிழித்துச் சுண்டல் மடித்தவன். நெஞ்சு டாக்டர் வந்த வருடம், பால்குடி மறந்த நாளிலிருந்தே பீடி. வருவாய்த்துறை அதிகாரிக்காக ரேஷன் அரிசியை மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்குக் கடத்தினான். யாருக்கும் அவன்மேல் விரோதம் இல்லை. வருகிற விருந்தாளிக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவது போலத்தான்.

விழா மலரை யாரும் படிப்பதில்லை என்பதால், இத்தனை குற்றங்களைச் செய்த பிறகும் சுருளிராஜன் நிம்மதியாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பாண்டீஸ்வரி மலர்களை அலமாரித் தட்டில் விரித்து மேலே பருப்பு டப்பாவை வைப்பாள். இந்த வருடம்தான் வினை வந்தது. வெள்ளிவிழாவுக்குச் சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் கிடைத்தார். வெள்ளிவிழா என்பதால் மலரோடு நிறுத்தாமல் பேனரும் அடித்தார்கள். அதைக் கட்டிய இடத்தில்தான் வேனுக்காகத் தாய்மார்கள் பிள்ளைகளோடு காத்து நிற்பார்கள்.

மத்தியானத்துக்குள் பேனர் பெற்றோர் வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. மூன்று மணிக்குள் கத்தி இரண்டாகிவிட்டது. சாயங்காலம் பள்ளியின் தாளாளர் கிளாரா டீச்சர் அவனைக் கூப்பிட்டார். அவன் மனசு பட்டபாடு கொஞ்சமில்லை. பதினோரு வருடமாக ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவன்.

“எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல சுருளி. ஆனா அம்மாமாரு போன் மேல போன் போடுறாக. ஞாயித்துக்கெழம விழாவுல, இது பொய்னு அவுக வாயால சொல்ல வச்சிரு. திங்கக்கெழம நீயே வண்டிய எடு. இல்லையின்னா சாவிய இங்கன வச்சிரு. எனக்கும் வேற வழி தெரியல” என்றார் கிளாரா டீச்சர்.

வீட்டுக்கு வந்தால் பாண்டீஸ்வரி பருப்பு டப்பாவை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, தட்டில் விரித்த மலர்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, சந்தன மரம் வெட்டுனீகளாம்ல? எனக்கு ஒரு சீப்பு செஞ்சு குடுத்துருக்கலாம்ல?” என்றாள். அப்புறம் சிரிப்பு போய் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “இத்தன வருசமா டார்ச் லைட்டு, டார்ச் லைட்டுன்னு போய் நின்னீக. ஒருத்தராச்சும் ஒரு பேட்டரி குடுத்தாகளா? நாளைக்கே போயி அந்தக் கத்தியப் பிடுங்கிட்டு வாங்க. இல்லாட்டி நான் வருவேன்.”

மறுநாள் சுருளிராஜன் உத்தமபாளையம் போனான். அறக்கட்டளைக்குப் பைபாஸ் ஓரம் சொந்தக் கட்டடம். மாடியில் ‘இளைஞர் சிந்தனைக் கூடம்’. வாசலில், ‘செருப்பை வெளியே விடவும். இளைஞர்கள் வெளியே காத்திருக்கவும்’ என்று எழுதியிருந்தது. அவன் செருப்பை விட்டுவிட்டு, செருப்போடு தானும் காத்திருந்தான். உள்ளே ஏசியில் வரலாற்றுக் குழு கூடியிருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஞானதுரை, செயலாளர் ஈஸ்வரபாண்டி, வரலாற்று நூலை எழுதிய ஓய்வுபெற்ற பேராசிரியர் அமிர்தராஜ். முறுக்கு முடிந்த பிறகு அவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

“அய்யா, அந்தக் கத்திய மட்டும் எடுத்துருங்கய்யா” என்றான் சுருளிராஜன். “சந்தன மரம், பீடி, அரிசி எல்லாம் இருந்துட்டுப் போகட்டும். நான் ஒன்னும் கேக்கல. கத்தின்னதும் வேன்ல பிள்ளைகள ஏத்த மாட்டேங்குறாக. பொழப்பே போயிரும்ய்யா.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “வரலாற்றில் நீக்கம் என்று ஒன்று கிடையாது தம்பி. திருத்தம் உண்டு. கத்திக்குப் பதிலாக நீ எதை முன்மொழிகிறாய்?”

“நான் ஒன்னும் எடுக்கலையேய்யா.”

“‘அன்று ஒன்றும் எடுக்கவில்லை. இன்று வேன் ஓட்டுகிறான்.’” பேராசிரியர் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். “இதற்குக் காவல்துறையிலிருந்து ஒருவரை எதற்காக அழைக்க வேண்டும்?”

“அருவாளுன்னு போடலாமா சார்?” என்றார் ஈஸ்வரபாண்டி. “நம்ம பக்கத்துக்குப் பொருத்தமா இருக்கும்.”

“அருவா வீட்டுல ஒன்னு கெடக்குங்க, தென்னமட்ட வெட்டுறதுக்கு” என்றான் சுருளிராஜன், உண்மையைச் சொல்லிப் பழகிய வாயால்.

“பாத்தீகளா, அவனே ஒத்துக்கிட்டான்!” ஈஸ்வரபாண்டி பேனாவைத் திறந்தார்.

கத்தியா அரிவாளா என்று வாக்கெடுப்பு நடந்தது. சுருளிராஜனும் கையைத் தூக்கினான். இளைஞர்களுக்கு வாக்கு கிடையாது என்று சொல்லிக் கையை இறக்கச் சொன்னார்கள். பேனர் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் கத்தி ஜெயித்தது.

“அன்னைக்கு நான் முருங்கக்காதான்யா வச்சிருந்தேன்” என்றான் அவன்.

“அப்போது நீ சின்னப்பையன். உனக்கு எப்படி நினைவிருக்கும்?” என்றார் பேராசிரியர் பரிவோடு. “நாங்கள் பெரியவர்களாக இருந்தோம். முருங்கைக்காய் என்பது தூரத்திலிருந்து பார்த்தால் நீளமான ஓர் ஆயுதம்தான்.”

சுருளிராஜன் கடைசியாக ஒன்றைக் கேட்டுப் பார்த்தான். “ஊர்ல எம்புட்டுப் பையங்க இருக்காய்ங்க. வேற ஒருத்தனப் பிடிச்சுக்கங்கய்யா. எனக்கு நரச்சுப் போச்சு.”

ஞானதுரை நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் ஆதங்கம் இருந்தது. “பிடிக்காமலா இருந்தோம்? போன வருசம் ராயப்பன்பட்டியில இருந்து ஒரு பயல் வந்தான். நானும் ரெண்டு மணி நேரம் வழிகாட்டுனேன். எல்லாத்தையும் கேட்டுப்பிட்டு, காலேஜுக்குப் பீஸ் கட்ட ஒதவுவீகளான்னு கேக்குறான். இன்னொருத்தன் வேலைக்குச் சிபாரிசு கேக்குறான். ஏலே, ரோட்டோரத்துல கைகாட்டி மரம் நிக்குது. அது என்னைக்காவது எவனையாச்சும் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிருக்கா? இந்தக் காலத்துப் பையங்களுக்கு அறக்கட்டளைன்னா என்னன்னே தெரியல. நீ அப்படியில்ல சுருளி. இத்தன வருசத்துல எங்ககிட்ட ஒன்னுமே கேட்டதில்ல. ஒன்னைய விட்டுர எங்களுக்கு மனசு வருமா?”

சொல்லும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. சுருளிராஜன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். மேடையில் தானே சொல்லிவிடுவது, அப்புறம் நடப்பது நடக்கட்டும் என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துகொண்டான். மனப்பாடம் செய்ய வேண்டிய அளவுக்குக்கூட அதில் விஷயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. கைகாட்டிகளுக்கு மட்டும் எட்டு வரிசை. இளைஞனுக்கு ஒரு நாற்காலி. கிளாரா டீச்சர் பெற்றோர்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். பாண்டீஸ்வரி கடைசி வரிசையில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். மேடை நடுவில் கைகாட்டிப் பலகை வடிவத்தில் பெரிய கேக் இருந்தது. அதன் அம்பு மண்டபத்துக் கழிப்பறைப் பக்கம் காட்டியது.

சிறப்பு விருந்தினர் தன் பணிக்காலத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். “நான் எத்தனையோ கத்திகளைப் பார்த்தவன். கத்தியைப் பார்த்ததும் ஆளைச் சொல்லிவிடுவேன்” என்று முடித்தார். பிறகு பேராசிரியர் மைக்கைப் பிடித்து, “அன்று தீமைக்குக் கத்தி எடுத்த அதே கரம், இன்று நன்மைக்குக் கத்தி எடுக்கப்போகிறது!” என்று முழங்கி, ரிப்பன் கட்டிய கேக் கத்தியைச் சுருளிராஜன் கையில் கொடுத்தார். அடுத்த கையில் ஈஸ்வரபாண்டி மைக்கைத் திணித்தார். பேட்டரியில்லாத டார்ச் லைட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அவனுக்குத் தோன்றியது. கேக்கை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

“அய்யாமாரே, அம்மாமாரே! நான் கத்தி எடுத்ததே கெடையாது!” என்றான்.

அழுத்திச் சொல்ல வேண்டியதைக் கையை ஆட்டிச் சொல்வது அவன் பழக்கம். கத்தி ரிப்பனோடு காற்றில் ஒரு வெட்டு வெட்டியது. முன்வரிசைக் கைகாட்டிகள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள்.

“சத்தியமா சொல்றேன்! குமுளிக்கு முருங்கக்கா கொண்டுக்கிட்டுப் போனேன். இவுகதான் என்னையப் பிடிச்சு நிப்பாட்டுனாக!”

‘இவுக’ என்றபோது கத்தி ஞானதுரையின் சட்டைப் பையை நோக்கிக் காட்டியது. போட்டோக்காரர்கள் படபடவென்று எடுத்தார்கள். எத்தனையோ கத்திகளைப் பார்த்த சிறப்பு விருந்தினர், பல வருட அனுபவம் கைகொடுக்க, மேசைக்கு அடியில் போய்விட்டார். பாண்டீஸ்வரி கடைசி வரிசையிலிருந்து, “யோவ், கத்தியக் கீழ போடுய்யா!” என்று கத்தினாள். அவளே அப்படிச் சொல்லிவிட்ட பிறகு வேறு சாட்சி யாருக்கு வேண்டும்?

கத்தியை ஈஸ்வரபாண்டி வாங்கி வைத்தார். மண்டபம் அடங்கியது. ஞானதுரை மெதுவாக மைக் முன்னால் வந்தார். எல்லாம் பாழாகிவிட்டது என்று நினைக்கிற ஆள் இல்லை அவர்.

“பெரியோர்களே! இந்த அறக்கட்டளை இத்தனை ஆண்டுகளில் என்ன கிழித்தது என்று சிலர் கேட்டார்கள். இன்று கண்ணால் பார்த்தீர்கள். கால் நூற்றாண்டு நாங்கள் பாடுபட்டும் இவன் கத்தியை விடவில்லை! அப்படியென்றால் எங்கள் பணி எவ்வளவு அவசியம் என்று எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்துவிட்டால் அல்லவா சங்கத்தைக் கலைக்க வேண்டும்? அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நாங்கள் சுருளிராஜனை விடுவதாக இல்லை!”

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. கட்டடத்துக்கு இன்னொரு மாடி கட்டிக் கொடுப்பதாக இரண்டு பேர் மேடையிலேயே அறிவித்தார்கள். மேசைக்கு அடியிலிருந்தபடியே சிறப்பு விருந்தினர் நூலை வெளியிட்டார்.

திங்கட்கிழமை காலையில் சுருளிராஜன் வேன் சாவியைக் கிளாரா டீச்சர் மேசையில் வைத்தான். அவன் வீட்டுக்குப் போய் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் ஏறுகிற நேரம் வந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. அழுதான். பாண்டீஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நானும் கத்திட்டேனே, நானும் கத்திட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அறக்கட்டளைக்கு இப்போது சுறுசுறுப்பு வந்துவிட்டது. வேலையில்லாமல், கத்தியும் கையுமாக இருக்கிற இளைஞன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மறுவாழ்வு கொடுக்க வேண்டும். அவசரப் பொதுக்குழு கூடி, ‘மறுமலர்ச்சித் திட்டம்’ என்று தீர்மானம் போட்டது. அவனுக்கு என்ன வேலை தெரியும் என்று விசாரித்தார்கள். வேன் ஓட்டத் தெரியும் என்று தகவல் வந்தது. கூடலூரில் ஒரு பள்ளியில் ஓட்டுநர் இடம் காலியாக இருப்பதாக ஈஸ்வரபாண்டி கண்டுபிடித்தார்.

பெற்றோர்களும் மறுக்கவில்லை. கத்தி எடுத்தவன் என்றால்தான் பயம். அறக்கட்டளை முத்திரையிட்டுச் சான்றிதழ் கொடுத்த, திருந்திய கத்திக்காரன் என்றால் அது வேறு விஷயம். பள்ளி மைதானத்தில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். ஞானதுரை தாம்பாளத்திலிருந்து வேன் சாவியை எடுத்து, போட்டோவுக்காகக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு, சுருளிராஜனிடம் கொடுத்தார். முன்பு அவன் கட்டியிருந்த சுருளி அருவி படம் போட்ட சாவிவளையம்கூட அப்படியே இருந்தது.

“வாங்கிக்க சுருளி. அதே சாவிதான்” என்று காதோரம் சொன்னார் கிளாரா டீச்சர். அவன் வாங்கிக்கொண்டான்.

வேனின் பின்பக்கம், ‘ஒலி எழுப்பவும்’ என்று இருந்த இடத்தில் புதிதாக எழுதியிருந்தார்கள்: ‘இவ்வாகன ஓட்டுநர் திருத்தப்பட்டவர். உபயம்: பள்ளத்தாக்கு இளைஞர் கைகாட்டி அறக்கட்டளை.’ பின்னால் வருகிற ஜீப்காரர்கள் படித்துவிட்டு, ஹாரன் அடிக்காமல், முந்தாமல், பணிவோடு தொடர்ந்து வந்தார்கள்.

அது பரவாயில்லை. வேனுக்குள் இருந்த நிலைமைதான் அவனால் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கும். ஒருத்தன் அழுவான், ஒருத்தி பாடுவாள், தண்ணீர் பாட்டில் உருளும், “மாமா, இவன் கிள்ளுறான்” என்று புகார் வரும். இப்போது எல்லாப் பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியில் அவன் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். கத்தி எடுத்தவன் என்று ஊரே சொன்னபோது வலித்ததைவிட, இந்த அமைதி அவனுக்கு அதிகம் வலித்தது.

அந்த வாரக் கடைசியில், லோயர் கேம்ப் திருப்பத்தில் கேரளாவுக்குப் போகிற லாரி ஒன்று குறுக்கே நின்றுபோனது. வேனும் நின்றது. அவனுக்கு நேர் பின்னால் இருக்கிற இருக்கையிலிருந்து ஒரு கை நீண்டது. யூகேஜி ஜான்சி. கையில் ஒரு கொய்யாப்பழம்.

“மாமா, ஒங்க கத்தியக் குடுங்க. இத நறுக்கணும்” என்றாள்.

பின் இருக்கைகளில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

“மாமாட்ட கத்தி இல்லம்மா” என்றான் சுருளிராஜன்.

“சும்மா சொல்லாதீக. வேன்லயே எழுதியிருக்காகளாம். எங்க அம்மா படிச்சாக.”

அவன் டேஷ்போர்டைத் திறந்து காட்டினான். துடைக்கிற துணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், விழாவில் கொடுத்த டார்ச் லைட். எழுந்து சட்டைப் பையை, பேண்ட் பையை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டினான். ஜான்சி எட்டிப் பார்த்து இருக்கைக்கு அடியிலும் தேடினாள். டார்ச் லைட்டை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். எரியவில்லை.

“கத்தியும் இல்ல, லைட்டும் எரியல. அப்பறம் எதுக்கு மாமா எழுதியிருக்காக?” என்றாள். அவளுக்கு அவன்மேல் பயங்கர எரிச்சல்.

இத்தனை வருடத்தில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. சுருளிராஜன் கொய்யாப்பழத்தை வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினான். பழம் சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தது.

“மாமா, எனக்கு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “எனக்கு மாமா!” என்று இன்னொன்று. “மாமா, இவன் ரெண்டு கேக்குறான்!” அதற்குள் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு அவன் காலடிக்கு வந்தது. லாரி நகர்ந்து ரொம்ப நேரமாகியிருந்தது. பின்னால் நின்ற ஜீப்காரர் அவனுடைய வரலாற்றைப் படித்துக்கொண்டு, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.